நோட்டு எண்ணும் மெஷினுக்குக் காந்த சென்சார் வடிவமைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

வங்கிக் கவுண்டரில் காசாளர் ஒரு கட்டைப் பிரித்து மெஷினில் வைக்கிறார். நிமிடத்துக்கு 1,200 நோட்டு என்ற வேகத்தில் ஓடினால் 100 நோட்டும் 5 வினாடியில் முடிந்துவிடும். ஒரு நோட்டுக்குக் கிடைப்பது 50 மில்லி வினாடி. அதற்குள் அது எத்தனை ரூபாய் நோட்டு, எந்தப் பக்கமாக வருகிறது, நல்லதா கள்ளநோட்டா என்று மெஷின் முடிவு செய்தாக வேண்டும். நடுவில் மெஷின் சட்டென்று நின்று சிவப்பு விளக்கு எரிந்தால், பணம் கட்ட வந்தவரை வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் காலையிலிருந்து காய்கறி விற்றுச் சேர்த்த நோட்டாக அது இருக்கலாம். ஈரக்கையில் புழங்கி, மடங்கி, துவண்டு போயிருக்கலாம். ஆனாலும் அது நல்ல நோட்டு.

அதனால் கள்ளநோட்டைப் பிடிப்பதற்குத் தரும் அதே கவனத்தை, நல்ல நோட்டைத் தடுக்காமல் விடுவதற்கும் தர வேண்டும் என்று நான் நினைக்கிறேன். இந்த வழிகாட்டியில் சொல்லும் ஒவ்வொரு படியிலும் அந்த எண்ணம் இருக்கும். இந்தியக் கிளைகளில் மேசை மேல் வைக்கும் மெஷினை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். அடிப்படை எல்லா நாட்டு நோட்டுக்கும் ஒன்றுதான்.

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் முதலில் சென்சார் சிப்பின் டேட்டாஷீட்டைத் திறப்பார்கள். நான் சிப்பை நான்காவது படியில்தான் எடுப்பேன். நோட்டு, வேகம், இடைவெளி மூன்றும் முடிவான பிறகு எந்தச் சிப் வேண்டும் என்பது தானாகவே தெளிவாகிவிடும்.

படி 1: நோட்டைப் படியுங்கள்

நோட்டில் காந்தத்தன்மை பொதுவாக இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, இரும்பு ஆக்சைடு நிறமி கலந்த மை. மேடாகத் தடவிப் பார்த்தால் கையில் தட்டுப்படுமே, அந்த இண்டாக்ளியோ அச்சில் இந்த மையைப் பயன்படுத்துவார்கள். அமெரிக்க டாலரின் முன்பக்கக் கறுப்பு மை இதற்குப் பிரபலமான உதாரணம். ஒரு டாலர் நோட்டை நூலில் தொங்கவிட்டு, வலுவான நியோடிமியம் காந்தத்தை மெல்லப் பக்கத்தில் கொண்டு போனால் நோட்டு காந்தத்தை நோக்கி நகர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இன்னொன்று, காகிதத்துக்குள் புதைத்த பாதுகாப்பு இழை. மகாத்மா காந்தி வரிசை நோட்டுகளின் இழையை மெஷினால் படிக்கக்கூடியது என்றே ரிசர்வ் வங்கி விவரிக்கிறது. சில நாட்டு நோட்டுகளில் இழையின் நீளத்தில் காந்தம் உள்ள துண்டும் இல்லாத துண்டும் மாறி மாறி வந்து ஒரு குறியீடாகவே அமையும்.

எந்த மதிப்பில், எந்தப் பக்கத்தில், எங்கே காந்தம் இருக்கிறது என்பதை நீங்களே அளந்து வரைபடம் போடுங்கள். இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. பழைய இங்க்ஜெட் பிரிண்டரின் கேரேஜில் ஒரே ஒரு சென்சாரைக் கட்டி, நோட்டின் மேல் வரிவரியாக ஓட்டினால் போதும். புது நோட்டுகளை மட்டும் வைத்து இதைச் செய்துவிடாதீர்கள். மீன் சந்தையிலிருந்து வந்தது, துவைத்தது, செல்லோ டேப் ஒட்டியது, நடுவில் மடிப்பு விழுந்து மை உதிர்ந்தது என எல்லாம் வேண்டும். ஒவ்வொரு மதிப்பிலும் சில நூறு நோட்டாவது பார்த்தால்தான், ஒரே இடத்தில் சிக்னல் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று புரியும்.

அளவுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். இப்போதைய 500 ரூபாய் 150 × 66 மி.மீ., 200 ரூபாய் 146 × 66, 100 ரூபாய் 142 × 66, 10 ரூபாய் 123 × 63. 2016 நவம்பருக்கு முந்தைய 500 ரூபாய் 167 × 73 மி.மீ. இருந்தது. அந்த ஒரு இரவில் அளவும் வடிவமும் மாறியதால் நாடு முழுவதும் ஏ.டி.எம்.களைத் திறந்து மாற்றியமைக்க வேண்டி வந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதனால் நோட்டைப் பற்றிய எந்த எண்ணையும் வன்பொருளில் பூட்டி வைக்காதீர்கள். அகலத்திலும் கொஞ்சம் இடம் விடுங்கள். நான் 180 மி.மீ. அகலத்துக்குச் சென்சார் வரிசை போடுவேன்.

படி 2: வேகக் கணக்கு

மேசை மெஷின்களில் பெரும்பாலும் நோட்டின் நீண்ட விளிம்பு முன்னால் வரும். அதாவது நோட்டு 66 மி.மீ. திசையில் நகர்கிறது. ஒரு நோட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி சேர்த்து 100 மி.மீ. என்று வைத்தால், வினாடிக்கு 20 நோட்டு என்பது வினாடிக்கு 2 மீட்டர். பெரிய நோட்டு மையங்களில் உள்ள மெஷின்கள் வேறு உலகம். ஜெர்மனியின் கீசெக் அண்ட் டெவ்ரியன்ட் நிறுவனத்தின் பி.பி.எஸ். எம்7 மணிக்கு 1,20,000 நோட்டு வரை ஓட்டும். அந்த வகையில் வேகத்தை வினாடிக்கு 10 மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போடலாம்.

பாதுகாப்பு இழை நோட்டின் குறுக்கே, 66 மி.மீ. நீளத்துக்கு ஓடுகிறது. நோட்டும் அதே திசையில் நகர்வதால், இழை முழுவதும் ஒரே ஒரு சேனலின் (வரிசையில் உள்ள ஒரு தனிச் சென்சாரின்) மேல் நீளவாக்கில் கடக்கும். இதில் ஒரு வசதியும் இருக்கிறது, ஒரு ஆபத்தும் இருக்கிறது. குறியீட்டை அந்த ஒரு சேனலே தொடக்கம் முதல் முடிவு வரை படித்துவிடும் என்பது வசதி. இழை இரண்டு சேனலுக்கு நடுவே நழுவிப் போனால் யாருமே படிக்க மாட்டார்கள் என்பது ஆபத்து. நோட்டு 5 டிகிரி சாய்ந்து வந்தாலே 66 மி.மீ. நீளத்தில் இழை பக்கவாட்டில் ஏறக்குறைய 5.8 மி.மீ. நகர்ந்துவிடும். சேனல்களுக்கு நடுவே குருட்டு இடம் இல்லாமல் வரிசை போட வேண்டும் என்று சொல்வது இதனால்தான். 5 மி.மீ.க்கு ஒரு சேனல் என்றால் 180 மி.மீ.க்கு 36 சேனல்.

சரி, அதிர்வெண். படிக்க வேண்டிய மிகச் சிறிய துண்டு 1 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு துண்டு, ஒரு வெற்றிடம் சேர்ந்து அலைநீளம் 2 மி.மீ. வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் அது 1 கிலோஹெர்ட்ஸ், 10 மீட்டர் வேகத்தில் 5 கிலோஹெர்ட்ஸ். துண்டின் ஓரங்கள் மழுங்காமல் இருக்க மூன்று மடங்கு பட்டை அகலம் கொடுங்கள். சாம்பிள் எடுப்பதை நேரத்தோடு கட்டாமல், உருளை எவ்வளவு சுழன்றது என்று சொல்லும் என்கோடரோடு கட்டுங்கள். 0.25 மி.மீ.க்கு ஒரு சாம்பிள் என்றால் ஒரு நோட்டுக்குச் சேனலுக்கு 264, மொத்தம் 36 சேனலுக்கு 9,504. மோட்டார் வேகம் ஏறினாலும் இறங்கினாலும் நோட்டின் படம் நீளவோ சுருங்கவோ செய்யாது. இந்த ஒரு முடிவு பின்னால் மென்பொருள் எழுதுபவரின் பாதித் தலைவலியைத் தீர்த்துவிடும்.

படி 3: இடைவெளி

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த வாலஸ் 1951-இல், காந்த நாடாவைப் படிக்கும்போது தலைக்கும் நாடாவுக்கும் நடுவே இடைவெளி கூடினால் சிக்னல் எவ்வளவு குறையும் என்பதற்கு ஒரு சூத்திரம் தந்தார். இழப்பு, டெசிபலில், 54.6 × இடைவெளி ÷ அலைநீளம். நோட்டுக்கும் அதே சூத்திரம் பொருந்தும். நம் 2 மி.மீ. அலைநீளத்துக்கு ஒவ்வொரு 0.1 மி.மீ.யும் 2.7 டெசிபலைத் தின்கிறது. இடைவெளி 0.1-இலிருந்து 0.5 மி.மீ. ஆனால் இழப்பு ஏறக்குறைய 11 டெசிபல், அதாவது சிக்னல் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். துண்டு 0.5 மி.மீ. ஆக இருந்தால் அலைநீளம் பாதியாகி, அதே 0.4 மி.மீ.க்கு இழப்பு 22 டெசிபல் ஆகும்.

நோட்டின் தடிமன் ஏறக்குறைய 0.1 மி.மீ. சென்சார் இருக்கும் பக்கத்துக்கு மை உள்ள முகம் வந்தால் ஒரு அளவு, மறுமுகம் வந்தால் அதில் 73 சதவீதம். ஆக ஒரே நோட்டைத் திருப்பிப் போட்டாலே கால் பங்கு சிக்னல் போகிறது. மடிப்பு விழுந்த நோட்டு 0.3 மி.மீ. தூக்கி நின்றால் மீதம் 40 சதவீதம் கூட இருக்காது. நல்ல நோட்டைக் கள்ளநோட்டு என்று சொல்லும் மெஷின்களைத் திறந்து பார்த்தபோது, நான் பெரும்பாலும் கண்ட கோளாறு இதுதான். இழை சரியாக இருக்கும், சிப்பும் சரியாக இருக்கும், நோட்டு மட்டும் சென்சாரிடமிருந்து தலைமயிர் அளவு விலகிப் போயிருக்கும்.

எனவே நோட்டைச் சென்சாரின் மேல் அழுத்திப் பிடிக்க வேண்டும். மெதுவான மெஷினில் மென்மையான ரப்பர் உருளை போதும். வேகம் கூடும்போது உருளை துள்ளும். அப்போது சென்சாருக்கு நேர் மேலே நைலான் பிரஷ் உருளை வைப்பது நல்லது. மடிப்பு, டேப், மேடு எது வந்தாலும் பிரஷ் மயிர் வளைந்து கொடுத்து நோட்டை மட்டும் கீழே படிய வைக்கும். அழுத்தம் அதிகமானால் துவண்ட நோட்டு கிழியும், குறைந்தால் மிதக்கும். அந்த நடு அளவை அழுக்கு நோட்டை ஓட்டித்தான் கண்டுபிடிக்க முடியும். புது நோட்டை வைத்துச் சரிசெய்த அழுத்தம் கிளைக்குப் போனதும் தோற்றுப் போகும்.

சென்சாரின் மேல் ஒரு தேய்தகடு வேண்டும். அது மெல்லியதாக இருக்க வேண்டும், தேயக் கூடாது, காந்தத்தன்மை இருக்கக் கூடாது. 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் பலரும் காந்தம் ஒட்டாத உலோகம் என்று நம்பி எடுக்கிறார்கள். தகடாக இருக்கும்வரை அது ஏறக்குறைய உண்மைதான். வளைத்து மடித்த இடத்தில் அதன் உள்ளமைப்பு மாறி, காந்தத்தை இழுக்கத் தொடங்கிவிடும். ஒரு சிறு காந்தத்தை நூலில் கட்டி, மடித்த ஓரத்தில் பிடித்துப் பாருங்கள், தெரியும். டைட்டானியம், பெரிலியம் காப்பர், சிர்கோனியா பீங்கான் இவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தகட்டின் தடிமனும் இடைவெளிக் கணக்கில் சேரும் என்பதை மறக்க வேண்டாம்.

படி 4: எந்தச் சென்சார்?

பழைய மெஷின்களில் கேசட் பிளேயர் தலையைப் போன்ற சுருள் தலை இருக்கும். மலிவு, உறுதி. ஆனால் சுருளில் வரும் மின்னழுத்தம் காந்தப் பாயம் மாறும் வேகத்தைப் பொறுத்தது. மெஷின் பாதி வேகத்தில் ஓடினால் சிக்னலும் பாதி. ஒரே வேகத்தில் ஓடும் சின்ன மெஷினுக்கு இன்றும் இது மோசமில்லை.

அடுத்தது காந்தப்புலத்துக்கு ஏற்ப மின்தடை மாறும் வகைகள். இவை வேகத்தைப் பொருட்படுத்துவதில்லை. இண்டியம் ஆன்டிமனைடு தடைகள் நோட்டுக்கென்றே நெடுங்காலமாகப் பயன்பட்டவை. அவற்றின் குறை வெப்பம். ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 2 சதவீதம் தடை மாறும். குளிர்ந்த நோட்டு ஒன்று தகட்டை உரசிப் போனாலே வெப்பநிலை லேசாக மாறி, அது காந்த சிக்னல் போலவே தெரியும். ஏ.எம்.ஆர். (அனைசோட்ரோபிக் மேக்னட்டோரெசிஸ்டன்ஸ்) வகையில் தடை மாற்றம் 3 சதவீதம் போல இருக்கும். ஜி.எம்.ஆர். (ஜயன்ட் மேக்னட்டோரெசிஸ்டன்ஸ்) அதைவிடக் கூடுதல். டி.எம்.ஆர். (டனல் மேக்னட்டோரெசிஸ்டன்ஸ்) 100 சதவீதத்தையும் தாண்டும். இந்த டி.எம்.ஆர். விளைவை அறை வெப்பநிலையில் 1995-இல் காட்டியவர்கள் இரண்டு குழுவினர். ஜப்பானில் மியாசாகி குழு, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜெகதீஷ் மூடேரா குழு. மூடேரா முனைவர் பட்டம் பெற்றது சென்னை ஐ.ஐ.டி.யில். நம் ஊரில் படித்தவர் ஒருவரின் கை இதில் இருக்கிறது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

புதிதாகச் செய்வதென்றால் நான் டி.எம்.ஆர். எடுப்பேன். சிக்னல் பெரிது, மின்சாரச் செலவு குறைவு. தாழ்ந்த அதிர்வெண்ணில் இரைச்சல் அதிகம் என்பது அதன் குறை. நம் சிக்னல் நூறு ஹெர்ட்ஸிலிருந்து சில கிலோஹெர்ட்ஸ் வரை இருப்பதால் அதைச் சமாளிக்கலாம். ஒரே சேனலில் இரண்டு தடைகளை நகர்வு திசையில் சிறிது தள்ளி வைத்து, பாலமாக இணையுங்கள். தூரத்திலிருந்து வரும் புலம் இரண்டிலும் ஒரே அளவாக விழுந்து கழிந்துவிடும். மிக அருகில் இருக்கும் மையின் புலம் மட்டும் மிஞ்சும். வெப்பத்தால் வரும் மாற்றமும் இதே வழியில் பெருமளவு கழியும். இரண்டுக்கும் உள்ள தூரத்தை, படிக்க வேண்டிய துண்டின் நீளத்துக்கு அருகில் வையுங்கள்.

படி 5: காந்தம்

நோட்டு காந்தமேறாமல்தான் வருகிறது. அல்லது பர்ஸின் காந்தப் பூட்டு, ஸ்பீக்கர் என்று எங்கெங்கோ பட்டு, தாறுமாறாகக் காந்தமேறி வருகிறது. எல்லா நோட்டையும் ஒரே நிலைக்குக் கொண்டுவர, சென்சாருக்கு 30 முதல் 50 மி.மீ. முன்னால் ஒரு நியோடிமியம் பட்டையை நோட்டின் முழு அகலத்துக்கும் வையுங்கள். நோட்டு இருக்கும் இடத்தில் 0.1 டெஸ்லாவுக்கு மேல் இருந்தால் இரும்பு ஆக்சைடு மைக்குப் போதும். அதன் சிதறல் புலம் சென்சாரை எட்டாமல் இருக்க, இரும்பு நுகத்துக்குள் வைத்து மூடுங்கள்.

சில மைகள் காந்தம் விலகியதும் எதையும் பிடித்து வைத்திருக்காது. அவற்றைப் படிக்கும் இடத்திலேயே புலம் வேண்டும். அதற்குச் சென்சாருக்கு அடியில் இன்னொரு காந்தம் தேவை. இதன் புலம் சென்சாரின் உணர்திசைக்கு, அதாவது சென்சார் புலத்தை உணரும் திசைக்கு, செங்குத்தாக இருக்க வேண்டும். சொல்வது எளிது. 50 மில்லி டெஸ்லா புலம் 1 டிகிரி சாய்ந்தால் உணர்திசையில் 0.87 மில்லி டெஸ்லா விழும். நோட்டு தரும் சிக்னல் அதற்குப் பக்கத்தில் கூட வராது. சாய்வு சில டிகிரி ஆனால் சென்சார் நேர்கோட்டுப் பகுதியை விட்டே வெளியே போய்விடலாம்.

நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். போர்டைத் தலைகீழாகக் கவ்வியில் பிடித்து மின்சாரம் கொடுத்து, பாலத்தின் வெளியீட்டில் மல்டிமீட்டரை வைப்பேன். காந்தத்தைப் பித்தளை இடுக்கியால் பிடித்து அங்குலம் அங்குலமாக அல்ல, மயிரிழை மயிரிழையாக நகர்த்துவேன். ஸ்டீல் இடுக்கி எடுத்தால் அதுவே காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். மீட்டரில் எண் இறங்கி, பூஜ்யத்தைத் தாண்டி, எதிர்ப்பக்கம் போகும். இரண்டுக்கும் நடுவே நிறுத்தி, ஒரு சொட்டு வேகமாய் உறையும் பசை. பிறகு எபாக்சி. எபாக்சி இறுகும்போது லேசாகச் சுருங்கிக் காந்தத்தை இழுக்கும். அதனால் மறுநாள் காலையில் திரும்ப அளந்துவிட்டுத்தான் அடுத்த வேலை. நூறு போர்டு செய்வதற்கு இது ஒத்து வராது. அப்போது காந்தத்தைத் துல்லியமான பள்ளத்தில் உட்கார வைக்கும் அச்சு செய்துகொள்ள வேண்டும்.

நியோடிமியம் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.12 சதவீதம் வலு இழக்கும். மெஷின் உள்ளே 25 டிகிரி சூடேறினால் 3 சதவீதம். அதை மென்பொருளில் சரிசெய்துகொள்ளலாம்.

படி 6: உருளைகளைச் சந்தேகியுங்கள்

இது தனிப் படியா என்று கேட்கலாம். எனக்கு ஒரு வாரத்தைத் தின்றதால் தனிப் படியாக வைக்கிறேன்.

மேசையில் அழகாக வேலை செய்த ஒரு வரிசையை மெஷினில் பொருத்தினோம். நோட்டே இல்லாமல் மெஷினை ஓட்டினாலும் 11-வது சேனலில் ஒரு புடைப்பு. நோட்டு ஓடினால் ஒவ்வொன்றிலும் ஒரு புடைப்பு, ஆனால் இடம் மட்டும் ஒவ்வொரு நோட்டிலும் தள்ளித் தள்ளி வந்தது. பார்ப்பதற்கு அசல் இழையின் துண்டு போலவே இருக்கும். போர்டை மாற்றினோம், கேபிளை மாற்றினோம், மோட்டாரைத் தள்ளி வைத்தோம். கடைசியில் என்கோடர் கணக்கைப் பார்த்தபோது ஒரு புடைப்புக்கும் அடுத்ததற்கும் சரியாக 62.8 மி.மீ. இருந்தது. 20 மி.மீ. விட்டமுள்ள உருளையின் சுற்றளவு அதுதான். உருளையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, கையால் மெல்லச் சுற்றினேன். ஆசிலோஸ்கோப்பில் கோடு மேலே ஏறும் ஒவ்வொரு முறையும் சாக்பீஸ் கோடு ஒரே இடத்தில் இருந்தது. உருளைக்குள் இருந்த பேரிங்கின் ஒரு ஸ்டீல் குண்டு வளையம், பொருத்தும்போது யாருடைய காந்த ஸ்குரூடிரைவரிலோ பட்டுக் காந்தமேறியிருந்தது.

அதிலிருந்து மூன்று வழக்கம் வைத்திருக்கிறேன். சென்சாருக்கு எதிரே உள்ள உருளைக்குப் பீங்கான் அல்லது பிளாஸ்டிக் பேரிங். பொருத்தும் மேசையில் காந்த ஸ்குரூடிரைவர் இருக்கவே கூடாது. மெஷின் மூடும் முன், நோட்டு இல்லாமல் ஒரு நிமிடம் ஓட்டிப் பதிவு எடுத்து, உருளையின் சுற்றளவில் ஏதாவது திரும்பத் திரும்ப வருகிறதா என்று பார்ப்பது.

படி 7: போர்டு

சிக்னல் மிகச் சிறியது, அதனால் பெருக்கியைச் சென்சாருக்கு ஒட்டியே வையுங்கள். மில்லி வோல்ட்டை நீண்ட கேபிளில் அனுப்பினால் மோட்டாரும் சோலினாய்டும் (கதவைத் திருப்பும் மின்காந்தம்) அதில் தங்கள் கணக்கை எழுதிவிடும். பெருக்கம் 500-இல் தொடங்கி அளந்து பார்த்துக் கூட்டுங்கள். 10 ஹெர்ட்ஸில் ஒரு உயர்நிலை வடிகட்டி, வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் அது 200 மி.மீ. அலைநீளம். நோட்டைவிடப் பெரியது என்பதால் சிக்னல் கெடாது. மேலே சாம்பிள் வேகத்துக்கேற்ற தாழ்நிலை வடிகட்டி. 12 பிட் ஏ.டி.சி. (சிக்னலை எண்ணாக மாற்றும் சுற்று) போதும், 16 பிட் இருந்தால் பெருக்கத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

நோட்டு போகும் பாதைக்கு வெளியே, அதே போர்டில், ஒரு சேனலைச் சும்மா விட்டு வையுங்கள். நோட்டு அதன் மேல் போகவே போகாது. அதில் எது தெரிந்தாலும் அது இரைச்சல்தான். மற்ற சேனல்களிலிருந்து அதைத் தகுந்த விகிதத்தில் கழித்துவிடலாம். செலவு ஒரு சென்சார், பலன் பெரிது.

நிலைமின்சாரத்தையும் கவனியுங்கள். ஏ.சி. அறையின் வறண்ட காற்றில் நோட்டு ரப்பரில் உரசி மின்னேறும். தேய்தகடு உலோகமென்றால் அதை நேராகத் தரையிணைப்பில் கட்டுங்கள். பீங்கானென்றால் சென்சாருக்கு முன்னால் ஒரு கடத்தும் பிரஷ் வைத்து நோட்டின் மின்னூட்டத்தை இறக்குங்கள்.

படி 8: முடிவெடுக்கும் மென்பொருள்

சென்சாரிலிருந்து நோட்டைப் பிரிக்கும் கதவு வரை 150 மி.மீ. இருப்பதாக வைப்போம். நோட்டின் முன் விளிம்பு 75 மில்லி வினாடியில் கதவுக்கு வந்துவிடும். பின் விளிம்பு சென்சாரைத் தாண்ட 33 ஆகும். மீதம் 42. சோலினாய்டு கதவைத் திருப்ப 15 எடுத்தால், கணக்குப் போடக் கிடைப்பது 27 மில்லி வினாடி. இன்றைய மைக்ரோகன்ட்ரோலருக்கு இது தாராளம், ஆனால் வரம்பைத் தெரிந்துகொண்டு எழுத வேண்டும்.

முதலில் ஒவ்வொரு சேனலின் அடிக்கோட்டை, அதாவது நோட்டு இல்லாதபோது காட்டும் அளவை, நோட்டுகளுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தில் அளந்து கழியுங்கள். பிறகு ஒளி சென்சார்களிடமிருந்து நோட்டின் விளிம்பும் சாய்வும் வாங்கி, காந்தப் படத்தை நிமிர்த்துங்கள். மதிப்பும் பக்கமும் ஒளிப் படத்திலிருந்தே தெரிந்துவிடும். முன்பக்கம், பின்பக்கம், நேர், தலைகீழ் என்று ஒரு மதிப்புக்கு நான்கு மாதிரிகள். இழை எந்தச் சேனலில் வர வேண்டும், மை எங்கே வர வேண்டும், எவ்வளவு வர வேண்டும் என்று அந்த மாதிரியோடு ஒப்பிடுங்கள்.

காந்தம் இருக்கிறதா இல்லையா என்ற ஒற்றைக் கேள்வியோடு நிறுத்திவிடும் மெஷின்களை நான் ஏற்பதில்லை. சாதாரண கறுப்பு லேசர் டோனர் சிலவற்றிலேயே இரும்பு ஆக்சைடு உண்டு. இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா, இருக்கக் கூடாத இடத்தில் இல்லாமல் இருக்கிறதா, வடிவம் பொருந்துகிறதா, வலு எல்லைக்குள் இருக்கிறதா என்று நான்கும் கேட்க வேண்டும். வடிவத்துக்கு அதிக மதிப்பெண்ணும் வலுவுக்குக் குறைந்த மதிப்பெண்ணும் கொடுங்கள். அழுக்கும் மடிப்பும் வலுவைத்தான் குறைக்கும், துண்டுகள் இருக்கும் இடத்தை அவ்வளவு சுலபத்தில் மாற்றாது. காய்கறிக்காரரின் நோட்டு தப்பிப் பிழைப்பது இந்த வரியால்தான்.

ஸ்டேப்ளர் பின்னையும் எதிர்பாருங்கள். நோட்டுக் கட்டுகளுக்குப் பின் அடிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2001-லேயே வங்கிகளுக்கு உத்தரவிட்டது. ஆனாலும் கடைகளிலிருந்து இன்னும் ஒடிந்த பின்னோடு நோட்டு வருகிறது. அது சென்சாரை முழுக்க நிரப்பிவிடும். அப்படி எல்லை தாண்டிய துள்ளல் ஒன்றிரண்டு சேனலில் மட்டும் வந்தால், கள்ளநோட்டு என்று சொல்லாமல், உலோகம் இருக்கிறது, கையால் பாருங்கள் என்று திரையில் காட்டுங்கள்.

எல்லைக்கோட்டை எங்கே வைப்பது? ஆயிரத்துக்கு ஒரு நல்ல நோட்டு தடுக்கப்படுவது சின்ன எண்ணாகத் தெரியும். ஒரு கிளை நாளைக்கு 50,000 நோட்டு எண்ணினால் மெஷின் 50 தடவை நிற்கும். அப்புறம் காசாளர் காந்தச் சோதனையையே அணைத்துவிடுவார், அது யாருக்கும் நல்லதில்லை. காந்தத்தின் முடிவைப் புற ஊதா, அகச்சிவப்பு, படம் ஆகியவற்றின் மதிப்பெண்ணோடு சேர்த்தே இறுதி முடிவு எடுங்கள்.

படி 9: அளவுதிருத்தமும் சோதனையும்

36 சேனலும் ஒரே மாதிரி இருக்காது. ஒரே வலுவுள்ள காந்தக் கோடுகள் அச்சிட்ட பட்டி ஒன்றை ஓட்டி, ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு பெருக்கெண் எழுதி வைக்க வேண்டும். இந்தப் பட்டிக்கு வெளிநாட்டுக்கு ஆர்டர் கொடுக்க வேண்டியதில்லை. காசோலையின் அடியில் எண்கள் அச்சிடும் எம்.ஐ.சி.ஆர். டோனர் நம் ஊரிலேயே கிடைக்கிறது. காந்த எழுத்துக்கென்றே தரப்படுத்திய டோனர் அது. 1 மி.மீ. கோடு, 1 மி.மீ. வெற்றிடம், முழு அகலத்துக்கும். அச்சிட்டு லேமினேட் செய்யாமல் வைத்துக்கொள்ளுங்கள், லேமினேஷன் தடிமன் இடைவெளியைக் கூட்டிவிடும்.

சோதனைப் பட்டி நோட்டைப் போலத் தெரியவே கூடாது. வெறும் கோடுகள், வெள்ளைத்தாள், அவ்வளவுதான். நோட்டைப் போன்ற காகிதத்தை அச்சிடுவதே இந்தியச் சட்டப்படி குற்றம். கள்ளநோட்டுகளை வைத்துச் சோதிப்பதை வங்கியின் அல்லது அதற்கு அதிகாரமுள்ள இடத்தின் உள்ளேயே, அவர்கள் கையாலேயே செய்ய வேண்டும். ஒரு நோட்டைக் கூட ஆய்வகத்துக்கு எடுத்து வர நினைக்காதீர்கள்.

100 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டுகளை மெஷினில் சோதித்த பிறகே திரும்பப் புழக்கத்தில் விட வேண்டும் என்பது 2009 முதல் வங்கிகளுக்கு உள்ள விதி. நோட்டுப் பிரிக்கும் மெஷின்களுக்கு இப்போது ஐ.எஸ். 18663:2024 என்ற இந்தியத் தர நிர்ணயமும் வந்திருக்கிறது. விற்கப் போகிறீர்கள் என்றால் வடிவமைப்பின் முதல் நாளே அதை வாங்கிப் படித்துவிடுங்கள், முடிந்த பிறகு பொருத்திப் பார்ப்பது செலவு.

நான் ஓட்டும் சோதனைகள் இவை: ஒரே நோட்டை நான்கு பக்கமும் நூறு நூறு தடவை, சாய்த்து, ஓரத்துக்கு ஒதுக்கி, மெஷினைச் சூடேற்றி, மெஷினுக்குப் பக்கத்தில் மொபைலும் ஸ்பீக்கரும் வைத்து, கடைசியாக அழுக்கு நோட்டு மட்டும் அடுக்கிய கட்டு. கடைசிக் கட்டு தேறினால்தான் மற்றவற்றின் எண்களை நான் நம்புவேன்.

படி 10: கிளைக்குப் போன பிறகு

நோட்டு உரசி உரசித் தூள் சேரும். காகித நார், மை, கூடவே காந்தம் இழுத்து வைத்த இரும்புத் துகள். இது தகட்டின் மேல் ஒரு படலமாகப் படிந்து இடைவெளியைக் கூட்டும். தினமும் கிளை மூடும் நேரத்தில் மென்தூரிகையால் தட்டி, வாரம் ஒரு முறை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைக்கச் சொல்லுங்கள். மெஷினோடு எம்.ஐ.சி.ஆர். பட்டி ஒன்றையும் உறையில் போட்டுக் கொடுங்கள். துடைத்ததும் பட்டியை ஓட்டினால் 36 சேனலின் வலுவும் முதல் நாள் எண்ணோடு ஒப்பிட்டுத் திரையில் வர வேண்டும். ஏதாவது ஒரு சேனல் 10 சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தால் அந்த இடத்தை மறுபடி துடைத்து ஓட்டிப் பார்க்கட்டும். அப்போதும் ஏறவில்லை என்றால் பெருக்கெண்ணைக் கூட்டிச் சமாளிக்க வேண்டாம். மெஷினைத் திறந்து, அந்தச் சேனலுக்கு நேர் மேலே பிரஷ் மயிர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளால்) அளந்து பாருங்கள்.